இமயமலையில் நான் வெட்டிய ஒரு நாள்

அடுத்தவர் பயணத்தில் ஒரு நாளைக் குறைப்பதைப் போல எளிதான காரியம் உலகத்தில் வேறு இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம். வியர்க்காது, மூச்சு வாங்காது. பல வருடங்களாக அதைச் செய்துதான் நான் சோறு சாப்பிட்டுக் கொண்டிருக்கிறேன். விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் பயணப்படி பில்களைச் சரிபார்க்கும் இருக்கை என்னுடையது. பக்கத்திலிருக்கும் வல்லத்துக்கு ஆய்வுக்குப் போய்வந்தவர் இரண்டு நாள் என்று எழுதியிருந்தால், சிவப்பு மையில் ஒன்றை வெட்டிவிட்டு ‘ஒரு நாளில் முடியக்கூடிய பணி’ என்று ஓரத்தில் எழுதுவேன். வெட்டுப்பட்டவர்கள் என் மேசைக்கு எதிரில் வந்து நிற்பார்கள். பஸ் பழுதானதைச் சொல்வார்கள், மழையைச் சொல்வார்கள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன். (அலுவலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை இங்கே எழுத முடியாது.)

இப்படிப்பட்டவனிடம் போய் என் மனைவி அமுதா ஒரு பயணத் திட்டத்தைக் கொடுத்தாள்.

அமுதாவுக்கு ஓர் அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. எங்கள் ஊர் வெயிலே ஓர் ஆளை வேகவைக்கப் போதும். அதற்குள் ஒரு தகரக் கூரை, அதற்குள் அடுப்பு, அதன் எதிரில் அவள். ஒரு நாள் போனில் ஏதோ ஒரு வீடியோ வந்தது. இமயமலையில் ஓர் ஏரி. பாதி உறைந்து கிடந்தது, சுற்றிலும் பனி. அதை அவள் எத்தனை முறை பார்த்தாள் என்று தெரியவில்லை. சாப்பிடும்போது பார்த்தாள், துணி மடிக்கும்போது பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தோசை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“இன்னாங்க, இத்தினி வருஷமா அடுப்பாண்டயே நின்னுக்கினு இருக்கேன். ஒரே ஒரு வாட்டி அந்த ஏரியாண்ட போய் பனி மேல நிக்கணும். முட்டி இன்னும் ரெண்டு மூணு வருஷம்தான் இந்த மாதிரி ஏறவுடும்னு டாக்டரு சொல்லிட்டாரு. நான் உங்கள வேற எதுவும் கேட்டதில்ல.”

அது உண்மைதான். கல்யாணமான நாள் முதல் அவள் என்னிடம் கேட்டது எதுவென்று யோசித்தால், ‘ஃபேனைக் குறைக்கட்டுமா’ என்பதைத் தவிர வேறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உடனே சரி என்றேன். மே மாதம் பள்ளிக்கூடம் மூடியிருக்கும், அவளுக்குத் தடை இல்லை. எனக்கும் லீவு கிடைத்தது. லீவு முடிந்த மறுநாள் காலை இருக்கையில் இல்லாவிட்டால் அடுத்த வருடம் வரை முகத்திலேயே விழிக்க வேண்டாம் என்று அதிகாரி சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார்.

பயிற்சி தொடங்கினோம். ஞாயிறுதோறும் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சின்னக் குன்றான பனமலைக்குப் போய்க் கோயில் வரை ஏறி இறங்கினோம். முதுகில் பாரம் வேண்டும் என்று எங்கோ படித்ததால், என் பையில் வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, நிரப்பிக்கொண்டு ஏறினேன். மேலே போய் உட்கார்ந்து கீழே தெரியும் பனமலை ஏரியைப் பார்த்தபடி அதைத் தின்றேன். இறங்கும்போது பை காலி. இரண்டு மாதத்தில் அமுதாவுக்குக் கால் உரம் ஏறியது, எனக்குத் தொப்பை ஏறியது. ஆனால் தன்னம்பிக்கையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. செஞ்சிக் கோட்டையைச் சின்ன வயதில் ஒரே மூச்சில் ஏறியவனுக்கு இமயமலை என்ன, இன்னும் கொஞ்சம் பெரிய செஞ்சி, அவ்வளவுதானே என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன்.

அப்புறம் நாள் கணக்குக்கு வந்தேன். மலையேற்ற நிறுவனம் அனுப்பிய திட்டத்தை ஒரு பில்லைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழாகப் பார்த்தேன். முதல் நாள் டெல்லி. இரண்டாம் நாள் மலையடிவார ஊர். மூன்றாம் நாள் முதல் கூடாரம், நான்காம் நாள் இரண்டாவது கூடாரம். ஐந்தாம் நாள் ஓய்வு. ஆறாம் நாள் ஏரி. பிறகு இறங்குவது, திரும்புவது. வீடு வந்து சேரும் நாள் ஒன்பதாம் நாள்.

அங்கே என் விரல் நின்றது. எங்கள் குடும்பத்தில் புறப்பட்ட ஒன்பதாம் நாள் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள், ஆகாது என்பது நம்பிக்கை. எங்கள் பெரியப்பா ஒரே ஒரு முறை அதை மீறி, காசிக்குப் போய் ஒன்பதாம் நாளே வீடு திரும்பினார். அன்றே பம்புசெட் மோட்டார் எரிந்துபோனது. (அந்த மோட்டார் வருடத்துக்கு இரண்டு முறை எரியும் என்பது வேறு விஷயம்.) பத்தாம் நாள் திரும்பலாம் என்றால் அன்று காலை நான் இருக்கையில் இருக்க வேண்டும். ஆகவே எட்டாம் நாளே வர வேண்டும், ஒரு நாளை எடுக்க வேண்டும். எந்த நாளை எடுப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. மற்ற நாள்களில் எல்லாம் ஏதோ ஒரு வேலை எழுதியிருந்தது. ஒரு நாளில் மட்டும் ‘ஓய்வு’ என்று இருந்தது. சும்மா உட்கார ஒரு நாளா? என் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது.

நிறுவனத்தின் சென்னை அலுவலகத்துக்கு போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

“சார், அது சும்மா இருக்கற நாள் இல்ல சார். மேல காத்து கம்மி. உடம்பு அதுக்குப் பழகணும். அதுக்குத்தான் அந்த நாள்.”

“நாங்க மாசக் கணக்கா மலை ஏறிக்கினு இருக்கோம்மா. உடம்பெல்லாம் பழகிடுச்சி.”

“எந்த மலை சார்?”

“பனமலை.”

அவள் அந்தப் பெயரை ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். எங்களோடு வேறு யாரும் வராததாலும், நான் விடாமல் நச்சரித்ததாலும், யாரையோ கேட்டுவிட்டு வந்து, “உங்க பொறுப்புல செய்ங்க சார்” என்று அரைமனதாகச் சொன்னாள். அமுதா பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

“அந்தப் பொண்ணு அவ்ளோ தூரம் சொல்லுதே, கேக்கக் கூடாதா? நமக்கு ஏரிதான முக்கியம்?”

“ஏரி எங்க போவப் போவுது? ஒரு நாள் முன்னாடியே பாத்துடுவ, போ.”

அவள் அத்தோடு விட்டுவிட்டாள். கணக்கு விஷயத்தில் என்னை நம்புவது அவள் வழக்கம்.

முதல் கூடாரம் வரை நான்தான் முன்னால் நடந்தேன். வழிகாட்டியும் அவருக்கு உதவியாக வந்தவரும் ‘மெதுவா, மெதுவா’ என்று கையைக் காட்டிக் கொண்டே வந்தார்கள். இரண்டாவது கூடாரத்தில் தலைவலி தொடங்கியது. உரலில் போட்டு இடிப்பதுபோல விடாமல் இடித்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் வழிகாட்டி ஒரு நாள் தங்கு என்பார், நான் வெட்டிய நாள் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும், வீடு சேர்வது ஒன்பதாம் நாள் ஆகும். யாருக்கும் தெரியாமல் இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, ‘அருமையான காற்று’ என்று சொன்னேன்.

மறுநாள் ஏரியை நோக்கி நடந்தோம். பனி வந்துவிட்டது. அமுதா குனிந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தாள், சிரித்தாள், உள்ளங்கை சிவக்கும்வரை வைத்திருந்தாள். எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. நாலு அடிக்கு ஒரு முறை நின்றேன். கடைசியில் ஒரு பாறை மேல் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை அமுதா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் வழிகாட்டியைக் கூப்பிட்டு எதிரில் நிற்கச் சொன்னேனாம். “இந்த வேலைக்கு எதுக்குய்யா ரெண்டு பேரு? ஒருத்தர் போதும். அனுமதிக்க முடியாது” என்றேனாம். அவருக்குத் தமிழ் தெரியாது, பணிவாகத் தலையாட்டியிருக்கிறார். நான் சட்டைப் பையில் சிவப்புப் பேனாவைத் தேடினேனாம். கிடைக்காததால் பனியில் விரலால் கோடு போட்டு அவரை வெட்டினேனாம். அமுதா முதலில் சிரித்துவிட்டாள். அப்புறம் என் உதட்டைப் பார்த்தாள். அது நீலமாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

வழிகாட்டி உடனே என்னைக் கீழே இறக்க வேண்டும் என்று சைகை காட்டினார். அமுதாவைப் பார்த்து, உதவியாளரோடு நீங்கள் ஏரிவரை போய் வாருங்கள், கொஞ்ச தூரம்தான் என்று மேலே கை காட்டினார். அவளுக்கு அது நன்றாகப் புரிந்தது. மேலே ஒரு முறை பார்த்தாள். பிறகு அவருக்குத் தெரியாத தமிழிலேயே பதில் சொன்னாள்.

“ஏரி எங்கயும் போவாதுங்க. இந்த ஆளுதான் போயிடுவாரு. வாங்க, ஜல்தி எறக்கலாம்.”

அவர் என்னை முதுகில் சுமந்தார். அமுதா பக்கவாட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். அவள் திரும்பிப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவு இன்றுவரை வரவில்லை.

அடிவார ஊர் மருத்துவர் ஆக்சிஜன் வைத்தார். இன்னும் கொஞ்ச நேரம் மேலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கையை விரித்துக் காட்டியதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பிறகு ஒரு நாள் முழுக்க அசையாமல் படுத்திருக்கச் சொன்னார். படுத்திருந்தேன். நான் வெட்டியெறிந்த அதே ஓய்வு நாளை, மலைமேல் எடுக்காமல், தகரக் கூரையைப் பார்த்தபடி கீழே எடுத்தேன். அமுதா வாசல் பெஞ்சில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து ஏரி தெரியாது.

திரும்பும் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு சென்னையில் இறங்கி, விழுப்புரம் பஸ் பிடித்தோம். வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். திண்டிவனம் நெருங்கும்போது நான் சும்மா இருக்காமல் விரல் விட்டு எண்ணினேன். எண்ணியதைச் சொல்லவும் செய்தேன்.

“அமுதா, இன்னிக்கு ஒம்பதாம் நாளு.”

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் இமயமலைக் குளிர் ஒன்றுமே இல்லை. எழுந்து தன் பையை எடுத்துக்கொண்டு படியருகே போய் நின்றாள். “உங்க டிக்கெட்டு விழுப்புரம் ஆச்சே!” என்றார் கண்டக்டர். “இங்கயே எறங்கிக்கிறோம்” என்றாள்.

திண்டிவனத்தில் என் தங்கை காஞ்சனாவின் வீடு இருக்கிறது. திடீரென்று வந்து நின்ற எங்களைப் பார்த்துப் பதறிப்போய், காபி போட்டுக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டாள். ஓய்வு நாளை ஏன் வெட்டினேன் என்ற இடம் வந்தபோது, ஒன்பதாம் நாள் சமாச்சாரத்தைப் பெருமையாகவே விளக்கினேன். காஞ்சனா என்னை வினோதமாகப் பார்த்தாள்.

“அதுக்காண்ணா வெட்டுன?”

“பின்ன? ஒம்பதாம் நாளு ஊட்டுக்கு வரலாமா?”

“உன் ஊட்டுக்குத்தான வரக்கூடாது? எங்க ஊட்டுக்கு வரலாம்ல? பெரியப்பா எத்தினி வாட்டி ஒம்பதாம் நாளு இங்க வந்து படுத்துட்டு மறுநாளு ஊருக்குப் போயிருக்காரு! நீயும் ஒரு ராத்திரி இங்க தங்கிட்டு, காலைல பஸ் ஏறினா நேரா உன் ஆபீசு. இப்ப மட்டும் இன்னா பண்ணிக்கினு இருக்க? அதத்தான பண்ற?”

நான் காபியைப் பார்த்தேன். இத்தனை வருடமாக அடுத்தவர் பயணங்களைப் பிரித்து மேய்ந்தவனுக்கு, சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் திண்டிவனம் இருப்பது தெரியாமல் போயிற்று. அமுதா டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. அந்தச் சத்தத்துக்குள் அவள் அழுதது எங்கள் இருவருக்கும் கேட்டது. காஞ்சனா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அடுத்த மே மாதம் அமுதாவும் காஞ்சனாவும் போனார்கள். திட்டம் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் ‘வேணாம்’ என்றார்கள். முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஓய்வு நாளை முழுசாக வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். நான் வீட்டில் தனியாகக் கேப்பைக் கூழ் கிண்டி அடிப்பிடிக்க வைத்துக்கொண்டிருந்தபோது, இரண்டாவது கூடாரத்திலிருந்து ஒரு போன் வந்தது.

“இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க ரெண்டு பேரும்?” என்றேன்.

“ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்துக்கினு இருக்கோம்” என்றாள் அமுதா. அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஏரியைப் பார்த்துவிட்டார்கள். ஒன்பதாம் நாள் திண்டிவனத்துக்கு வந்து இறங்கினார்கள், நானும் அங்கே போனேன். (காஞ்சனாவின் புகுந்த வீட்டில் இந்த ஒன்பதாம் நாள் கணக்கெல்லாம் கிடையாது.) காஞ்சனா போட்டோக்களை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். நான் அமுதாவிடம் ஏரி எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“போன வருஷம் நீங்க உக்காந்தீங்களே, அந்தப் பாறை வந்துச்சி. அதத் தாண்டி ஒரு வளைவு. அதுக்கு அந்தாண்ட ஏரி” என்றாள். “அவ்ளோதாங்க தூரம்.”

அவள் என் டம்ளரை வாங்கிக்கொண்டு போய் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எத்தனை நாள் என்று சொன்னாலும், “அண்ணன் கணக்கா, அண்ணி கணக்கா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அண்ணி கணக்கில் ஒரு நாள் கூடுதலாக இருக்கும். கல்யாண மண்டபம் பேசும்போதும் கேட்கிறார்கள், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கும்போதும் கேட்கிறார்கள். போன வாரம் என் அலுவலகத்துக்கு வந்த காஞ்சனா, பில் தர வந்து நின்ற ஒருவரிடமும் கேட்டுவிட்டாள். அவருக்குக் கதை தெரிந்து, இப்போது அலுவலகம் முழுக்கத் தெரியும். பழைய பட்டப்பெயர் போய்ப் புதியது வந்திருக்கிறது.

இந்த மே மாதமும் ஏதோ ஒரு மலைக்குப் போவதாக இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று சாப்பிடும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“நானும் வரட்டா?”

அமுதா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

“வாங்க. ஆனா எத்தினி நாளுன்னு மட்டும் கேக்கக் கூடாது.”