மாரி வாங்காத மேசை

எனக்கு மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஏழு வருடம் ஆகியிருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால், தேக்கு எது, வேம்பு எது, எது எத்தனை காலம் உழைக்கும் என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்திருப்பேன். (கேட்காவிட்டாலும் எடுத்திருப்பேன்.)

அப்போது நான் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். வீடு திருச்சுழியில். என் தங்கச்சி மாரிக்குக் காரியாபட்டியில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் அம்மாவின் பொறுப்பு. மாரி தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அண்ணே, நின்னுக்கிட்டே துணி வெட்டுற மாதிரி எனக்கு ஒரு டேபிளு வேணும். நல்ல மரத்துல, ஆடாம அசையாம இருக்கணும். நான் தச்சு சேத்த காசு இருக்கு. நீ பாத்து வாங்கிக் குடு.”

பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து அவள் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். தரையில் துணியை விரித்து, முட்டி போட்டுக் குனிந்துதான் வெட்டுவாள். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். வயது அப்போது இருபத்து மூன்று. அதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டிருந்த நான், ‘பாத்து வாங்கிக் குடு’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஒரு பெரிய காரியம் என்னை நம்பி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது!

மில் பஸ்ஸில் போய் வரும் நேரத்தில் செல்போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். அசல் மரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று மொத்தம் ஒன்பது வீடியோ. (அதில் ஒன்று மலையாளம். புரியாத இடங்களில் தலையாட்டிக்கொண்டேன்.) தட்டிப் பார்க்க வேண்டும், முகர்ந்து பார்க்க வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். பத்தாவது வீடியோவை நானே போடலாம் என்ற நிலைமை வந்ததும் மாரியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அருப்புக்கோட்டையில் காதர் பாய் என்று ஒருவர் மரச்சாமான் கடை வைத்திருந்தார். சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் வீரசோழன். தகரக் கூரை, ஒரு மின்விசிறி, கடை முழுக்க நாற்காலியும் கட்டிலும் நெருக்கியடித்துக் கிடக்கும். நான் உள்ளே நுழைந்ததும் யாரிடமும் எதுவும் கேட்காமல் விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன். ஒன்றின் மேல் காதை வைத்துக் கேட்டேன். சத்தம் வித்தியாசமாக இருந்தது.

“தம்பி, அது பீரோ. இரும்பு. மரக் கலர்ல பெயிண்டு அடிச்சிருக்கு” என்றார் பாய்.

அங்கேயே திரும்பியிருக்கலாம். நான் ஒரு நாற்காலியைத் தூக்கி முகர்ந்தேன்.

“என்ன தம்பி, கருவாடு வாங்குற மாதிரி மோந்து பாக்குறீக? என்ன வேணும்னு சொல்லுங்க.”

மாரிதான் சொன்னாள். பாய் எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு மேசையைக் காட்டினார். இடுப்பு உயரம். அகலமான பலகை. நாலு கால்களும் என் தொடை கனத்தில் இருந்தன.

“இது தேக்கு இல்லத்தா, வேம்பு” என்று அவளைப் பார்த்தே பேசினார். “அறுத்து ஒரு வருசத்துக்கு மேல காயவச்ச பலகை. துணி வெட்டுறதுக்கு எதுக்குத் தேக்கு வெலை குடுக்குறீக? கனம் இருந்தாப் போதும். இதத் தூக்க மூணு ஆளு வேணும். அடியில குனிஞ்சு பாரு. மேல எல்லாரும் பாலிஷ் போட்டுருவாக. அடியிலதான் மரம் என்னன்னு தெரியும்.”

மாரி குனிந்து உள்ளே போய்ப் பார்த்தாள். நான் போகவில்லை. ஒன்பது வீடியோ பார்த்தவன் மேசைக்கு அடியில் நுழைவதாவது! அவள் வெளியே வந்து, இரண்டு கைகளையும் மேசை மேல் நீட்டி வைத்து, துணி வெட்டுவதுபோல் ஒரு தடவை சாய்ந்து நிமிர்ந்தாள்.

“இது போதும்ணே” என்றாள்.

எனக்குப் போதவில்லை. அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டால் நான் எதற்கு? பாட்டிலைத் திறந்து பலகையில் தண்ணீர் விட்டேன். ஒரு மூலையில் கறுப்பாக ஒரு கணு தெரிந்தது.

“கணு இருக்கே பாய்?”

“மரம்னா கணு இருக்கும் தம்பி. கெளை விட்ட எடம்.”

அப்போது என் மூளை ஒரு வேலை செய்தது. கடைக்காரன் எவனாவது தானாக வந்து ‘இது தேக்கு இல்லை’ என்று சொல்வானா? சொல்கிறான் என்றால் இதைவிடப் பெரிய எதையோ மறைக்கிறான். (அந்த வயதில் எனக்கு இப்படித்தான் யோசிக்க வரும்.)

“தேக்குன்னு சொல்லி விக்க முடியாத சரக்க எங்க தலையில கட்டப் பாக்குறீகளா?” என்று கேட்டேன். கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் கேட்டேன்.

பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து நான் விட்ட தண்ணீரைத் துடைத்தார். “நாலு எடம் பாருங்க தம்பி. பாத்துட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் மாரி வெகுநேரம் வெளியே கருவேல மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, “அந்த பாய் பொய் சொல்லலண்ணே” என்றாள்.

“ஒனக்கென்ன தெரியும்? பேசாம வா.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை விட்டுவிட்டு நான் மட்டும் மதுரைக்குப் போனேன். கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள பெரிய கடை. கழுத்தில் டை கட்டிய ஓர் இளைஞர் என் பின்னாலேயே வந்தார். நான் இரண்டு மேசைகளைத் தட்டியதும், “சாருக்கு மர யாவாரமா?” என்று கேட்டார். அத்தோடு என் கதை முடிந்தது. அதற்குப் பிறகு அவர் வைக்கோலைக் காட்டியிருந்தாலும் தேக்கு என்று வாங்கியிருப்பேன்.

அவர் காட்டிய மேசை என் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. கணு என்ற பேச்சே இல்லை. பலகை முழுக்க ஒரே மாதிரி வரி, ஒரே மாதிரி சுழி. ஒரு சாண் தள்ளி மறுபடி அச்சு அசலாக அதே சுழி. எவ்வளவு பொறுக்கி எடுத்திருக்கிறார்கள் என்று வியந்துபோனேன். ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒற்றைக் கையில் வந்தது.

“நல்லா காஞ்ச மரம் சார். அதான் லேசா இருக்கு.”

“தேக்குதான?”

“தேக்கு ஃபினிஷ் சார்.”

இந்த இடத்தில் அவர் பொய் சொல்லவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வார்த்தை சொன்னார். நான்தான் முதல் வார்த்தையோடு காதை மூடிக்கொண்டேன். காதர் பாய் சொன்ன விலையைவிடக் கூடுதல்தான். ஆனாலும் விடாமல் பேரம் பேசி ஒரு சுவர்க்கடிகாரத்தை இலவசமாக வாங்கினேன். (மேசையைவிட அந்தக் கடிகாரம் அதிக நாள் ஓடியது.)

மேசையை வீட்டில் இறக்கியபோது மாரி அதன் மேல் கையை வைத்து லேசாக அசைத்துப் பார்த்தாள். அது அசைந்தது. “தரை சரியில்ல” என்றேன். அவள் சரியென்று போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு மறுநாள் சீர் சாமான்களை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு காரியாபட்டி போனோம். மாப்பிள்ளை வீட்டில் சொந்தபந்தம் கூடத்தில் நிறைந்திருந்தது. நான் பட்டு வேட்டியும் புதுச் சட்டையுமாக நின்று, மேசையை நடுக்கூடத்தில் வைக்கச் சொன்னேன். ‘மதுரையில எடுத்தது, முழுத் தேக்கு’ என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருத்தர் அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். மர அறுவை மில்லில் வேலை பார்த்தவராம். (இதை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.)

“தம்பி, இது மரம் மாதிரி தெரியலையே” என்றார் மெதுவாக. என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். பெரிய மனிதர்.

நான்தான் சத்தத்தைக் கூட்டினேன். “என்ன பெரியப்பா இப்புடிச் சொல்லிட்டீக? இது மேல யானை ஏறலாம்! பாருங்க!” என்று வேட்டியை மடித்துக் கட்டி, மேசை மேல் ஏறி நின்றேன். கூடம் திரும்பிப் பார்த்தது. நாலைந்து செல்போன்கள் மேலே எழுந்தன. நின்றதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். குதித்தேன்.

முதல் குதியில் ஒரு ‘மளுக்’. அதை மரத்தின் கம்பீரம் என்று நினைத்து இரண்டாவது தடவை குதித்தேன். வலது கால் பலகையைப் பிய்த்துக்கொண்டு தொடை வரைக்கும் உள்ளே போனது. இடது கால் மேலேயே நின்றது. வேட்டி இரண்டு பக்கமும் பிரிந்து எந்தக் காலோடு போவது என்று தெரியாமல் தொங்கியது. பிறகு மேசையின் கால்கள் நாலும் நாலு திசையில் விரிந்து, நானும் மேசையும் சேர்ந்து தரைக்கு வந்தோம். உடைந்த ஓரத்திலிருந்து மரத்தூள் பொலபொலவென்று கொட்டியது. மேலே மரம் மாதிரி அச்சடித்த தாள் ஒன்று சுருண்டு நின்றது. தூளைப் பசையில் குழைத்து அமுக்கிய அட்டை. அவ்வளவுதான் என் முழுத் தேக்கு.

சிரித்தார்கள். எப்படிச் சிரிக்காமல் இருப்பார்கள்? ஆனால் மாரியின் மாமியார் சிரிக்கவில்லை. மரத்தூளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“யாரு தம்பி இத வாங்குனது?”

நான் இன்னும் மேசைக்குள்தான் இருந்தேன். ‘நான்தான் அத்தை’ என்று சொல்ல ஒரு நொடி போதும். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

மாரி வாசற்படிப் பக்கம் நின்றிருந்தாள். புதுத்தாலி மஞ்சள்கூட உலரவில்லை. அந்த வீட்டுக்கு வந்து முழுதாக ஒரு நாள் ஆகவில்லை.

“நான்தான் அத்தை” என்றாள். “அண்ணன் நல்ல வேப்ப மரத்துலதான் காட்டுனாக. நான்தான் பளபளப்பப் பாத்து, இதுதான் வேணும்னு அடம்புடிச்சேன். அண்ணன ஒண்ணும் சொல்லாதீக.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பிறகு குனிந்து என் காலை வெளியே எடுக்கிற வேலையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. விழுந்ததை நினைத்தால் இன்றைக்கு எனக்கே சிரிப்பு வருகிறது. அந்தப் பேசாத வாயை நினைத்தால் வருவதில்லை.

மாமியார் கெட்டவர் இல்லை. மருமகளைத் திட்டவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு மிக்ஸி வாங்கினாலும், திரைச்சீலை வாங்கினாலும், “நீ வேணாம்த்தா, நீ எடுத்த டேபிளத்தான் பாத்தோம்ல” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். கூட இருப்பவர்களும் சிரிப்பார்கள். மாரியும் சிரிப்பாள். ஒரு துணியைத் தொட்டால் அது எத்தனை துவைப்புத் தாங்கும் என்று சொல்லிவிடுகிறவள் அவள்.

எட்டு மாதம் அவள் அங்கேயும் தரையில் முட்டி போட்டுத்தான் வெட்டினாள். அதற்குள் நான் சம்பளத்தில் சேர்த்துக்கொண்டு காதர் பாய் கடைக்குப் போனேன். அந்த மேசை விற்றுப்போயிருந்தது. அதே மாதிரி செய்து தரச் சொன்னேன். அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் முக்கியமாகப் போனது. பாய்க்கு என்னை அடையாளமே தெரியவில்லை. “எத்தனையோ பேரு என்னென்னமோ சொல்லுவாக தம்பி. கடையின்னா அப்புடித்தான்” என்றார். அவர் மறந்திருந்தது எனக்கு ஆறுதலாக இல்லை. என்னைப் போல எத்தனை பேர் வந்து போயிருந்தால் இப்படி மறந்துபோகும்?

புது மேசையை மூன்று பேர் தூக்கி மாரியின் வீட்டில் வைத்தோம். அசையவில்லை. மாமியார் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு மருமகளிடம் திரும்பினார்.

“பாத்தியா, அண்ணன் எப்புடிப் பாத்து எடுத்துட்டு வந்திருக்காக! நீயும் இருக்கியே.”

செய்த பாவத்துக்குப் பரிகாரம் செய்யப் போய், அதையும் அவள் தலையிலேயே இறக்கிவைத்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

போன தீபாவளிக்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். சாப்பிட உட்கார்ந்ததும் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது வீடியோவிலிருந்து தேக்கு ஃபினிஷ் வரைக்கும். “மாரி அன்னைக்கு வேப்ப மரம்தான் கேட்டா அத்தை. நான்தான் கேக்கல. எல்லாத் தப்பும் என்னுது.”

அவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். கண் கலங்கிவிட்டது.

“கேட்டியா மாரி? ஏழு வருசம் ஆகியும் தங்கச்சிய விட்டுக்குடுக்காமப் பேசுறாக பாரு. அண்ணன்னா இப்புடி இருக்கணும்” என்று என் இலையில் இன்னும் இரண்டு துண்டு கறியை வைத்தார்.

“நெசமாத்தான் அத்தை...”

“சாப்பிடுங்க தம்பி. எங்களுக்குத் தெரியாதா?”

நான் மாரியைப் பார்த்தேன். “சாப்பிடுண்ணே, ஆறிப்போயிரும்” என்றாள்.

இப்போது அவர்கள் வீடு கட்டுகிறார்கள். போன வாரம் வாசக்காலுக்கு மரம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். மாரியும் வரட்டும் என்று அடம்பிடித்துக் கூட்டிப்போனேன். மரக்கடையில் அவள் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தாள். ஒரு சட்டத்துக்கு முன்னால் நின்றேன். “இது வேணாம், வெடிப்பு இருக்கு” என்று என் காதருகே சொன்னாள். அடுத்ததில், “ம்” என்றாள். நான் விரலை நீட்டி, “இதான் அத்தை” என்றேன்.

மாமியாருக்குத் திருப்தி. மரக்கடைக்காரரிடம் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்: “எங்க மருமக ஒரு டேபிளு வாங்குனா பாருங்க...”

கடைக்காரர் சிரித்தார். மாரியும் சிரித்தாள். நான் சட்டத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.