கடலில் கோன் வைத்த ஃபோர்க்லிஃப்ட் அண்ணன்

தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சியை முழு மனதோடு நம்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். குருண் என்ற ஊரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருக்கிறது. சம்பளம் போடுகிறவர்களுக்குத் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் ஃபோர்க்லிஃப்ட் அண்ணன்.

பயிற்சி கொடுத்தவள் நான். பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில், புதிதாக வருகிற எல்லாருக்கும் ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறேன். மஞ்சள் கோட்டுக்குள் நடக்க வேண்டும், தலைக்கவசம் போட வேண்டும், ஆபத்தான இடத்தில் ஆரஞ்சு கோன் வைக்க வேண்டும், என்ன நடந்தாலும் ஓடக்கூடாது. எல்லாரும் தலையாட்டுவார்கள், கொட்டாவி விடுவார்கள், கடைசியில் கொடுக்கும் கறிபாப் பலகாரத்தைத் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். அண்ணன் மட்டும் கறிபாப்பைத் தொடவில்லை.

"கையில எண்ணெய் பட்டா ஸ்டியரிங் வழுக்கும் மிஸ்" என்றார்.

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு கேண்டீனில் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழும்போதெல்லாம் "டிட் டிட் டிட்" என்று வாயால் சத்தம் கொடுத்தார். வண்டி பின்னால் வந்தால் சத்தம் வர வேண்டும் என்றால், ஆள் பின்னால் வந்தாலும் வர வேண்டும் அல்லவா? கூட வேலை செய்யும் ஒருவரின் கல்யாணத்துக்குப் போனவர், மணமக்களைப் பார்ப்பதற்கு முன் மண்டபத்தின் அவசர வாசலைத் தள்ளிப் பார்த்தார். அது திறக்கவில்லை. கெட்டிமேளம் முழங்கும் நேரத்தில் மண்டபக்காரர் சாவியைத் தேடி ஓடிக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் நிலத்தில். நிலத்தோடு நின்றிருந்தால் எனக்கு இதை எழுத வேலையே இருந்திருக்காது.

சீனப் பெருநாள் முடிந்து, மழை ஓய்ந்து, வெயில் ஏறும் மாதங்களில் யான் என்ற கடலோர ஊர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். கடல் வெகுதூரத்துக்கு ஆழமே இல்லாமல் கிடக்கும். தண்ணீர் வற்றினால் சேறும் மணலும். ஏறினால் முழங்கால் அளவு. ஏறுகிற தண்ணீரோடு இறால் வரும். இறாலைத் தின்ன சியாக்காப் மீன் வரும். சியாக்காப்பைப் பிடிக்க அண்ணன் வருவார், ஞாயிறு தவறாமல்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், யான்ல இருந்து ஒரு படகுக்காரர் போன் பண்ணாரு. நம்ம கம்பெனி வெஸ்ட் போட்ட ஆளு ஒருத்தர் கடல்ல கோன் அடுக்கி வச்சிருக்காராம். விசில் ஊதி, படகை ரிவர்ஸ் எடுக்கச் சொல்றாராம்."

"கடல்லயா பாஸ்?"

"கடல்லதான் லா. ட்ரெய்னிங் நீங்கதானே கொடுத்தீங்க? நீங்களே போய்ப் பாருங்க."

அடுத்த ஞாயிறு போனேன். கரையோரச் சேற்றில் வேர் பரப்பி நிற்கும் பாக்காவ் மரங்களைத் தாண்டியதுமே தெரிந்தது. கரையிலிருந்து கடலுக்குள் ஆரஞ்சு கோன்கள் வரிசையாக இறங்கிப் போயின. வரிசை முடிகிற இடத்தில், முழங்கால் தண்ணீரில், தலைக்கவசமும் பளபளக்கும் வெஸ்ட்டுமாக அண்ணன் தூண்டிலோடு நின்றார். அந்தக் கடலில் அவரைவிடப் பாதுகாப்பான மனிதர் கிடையாது. வேறு மனிதரே கிடையாது.

"அண்ணே!" என்று கத்தினேன்.

"கோன் ஓரமாவே வாங்க மிஸ்! அங்கதான் மணல் கெட்டி!"

கோன் வரிசை பாம்புபோல் வளைந்து போனது. வெயில் மண்டையைப் பிளந்தது. மேனேஜர் சொன்னதைச் சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்ப வேண்டும். நேராகவே போய்விடலாமே என்று குறுக்கே இறங்கினேன்.

கொஞ்ச தூரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு வலது கால் முழங்கால்வரை சேற்றுக்குள் போயிற்று. அதை இழுக்க இடது காலை ஊன்றினேன். அதுவும் போயிற்று. இழுக்க இழுக்கச் சேறு இறுகியது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் தூண்டில் வளைந்தது.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு சியாக்காப் எழும்பியது. வாயைப் பிளந்து, தலையை ஓர் உதறு உதறி, திரும்ப விழுந்தது. பசார் மீன் கடைகளில் எத்தனையோ சியாக்காப் பார்த்திருக்கிறேன். இது பள்ளிக்கூடம் போகிற வயசுப் பிள்ளையைத் தூக்கிப் போட்டதுபோல் விழுந்தது. அண்ணன் "டிட் டிட் டிட்" என்றபடி பின்னால் நகர்ந்தார்.

"அண்ணே, மாட்டிக்கிச்சு!"

"ஆமா மிஸ்! பெருசு!"

"மீன் இல்லண்ணே! என் கால்!"

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். என் இடுப்பைத் தொட்டுவிட்ட தண்ணீரைப் பார்த்தார். மறுபடி எழும்பிய மீனைப் பார்த்தார். வெஸ்ட் பையிலிருந்து கத்தியை எடுத்து தூண்டில் நரம்பை அறுத்துவிட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பிறகு கோன் ஓரமாக நடந்து வந்தார். ஓடவில்லை. ஓடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்த என்னை நானே திட்டிக்கொண்டேன். வருகிற வழியில் மீன் போட வைத்திருந்த ஐஸ் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார். ஒரு கோனையும் பிடுங்கிக்கொண்டார். கோனை முதலில் என் பக்கத்தில் குத்தினார்.

"இது எதுக்குண்ணே?"

"வேற யாரும் வந்து மாட்டிக்கக் கூடாதுல்ல மிஸ்."

கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஈ, காக்கா இல்லை.

"பதறாதீங்க. உங்க பேரு என்ன?"

"என் பேரு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு பார்க்கணும். ஆபத்துல மாட்டினவங்ககிட்ட முதல்ல பேரு கேக்கணும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

பெயரைச் சொன்னேன். ஓர் அலை வந்து நெஞ்சில் இடித்தது. ஃபோர்க்லிஃப்டில் கண்ணாடிப் பெட்டிகளை ஆடாமல் அசையாமல் தூக்கி வைக்கிற அவர் கை என் கையை இறுகப் பிடித்தது. மற்றக் கை ஐஸ் பெட்டியை என் முதுகுக்குப் பின்னால் மிதக்கவிட்டது.

"தங்கச்சி" என்றார். அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "பொட்டி மேல சாய்ஞ்சுக்கோம்மா. மல்லாக்கப் படு. காலை இழுக்காத, மெல்ல மெல்ல ஆட்டு. நான் புடிச்சிருக்கேன், விடமாட்டேன்."

படுத்தேன். ஆட்டினேன். சேறு ஒரு காலை விட்டது. வெகுநேரம் யோசித்துவிட்டு இன்னொன்றையும் விட்டது. செருப்புகளை அதுவே வைத்துக்கொண்டது.

கோன் ஓரமாக நடத்திக் கரைக்குக் கொண்டு வந்தார். பாக்காவ் வேர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மீன் போச்சேண்ணே" என்றேன்.

"போனா போவுது லா." காலில் ஒட்டிய சேற்றை வழித்துப் போட்டார். "சாப்பிட்டீங்களா மிஸ்?"

நான் வந்த காரியத்தை அப்போதுதான் சொன்னேன். கம்பெனி வெஸ்ட்டை உடனே கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தார். படகுக்காரரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டார். அவருக்கு ஒரு விசிலும் வாங்கிக் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் மேனேஜர் அவரை என் எதிரிலேயே விசாரித்தார். "என்னண்ணே, மிஸ் வந்தாங்களா? ஏதும் பிரச்சினையா?"

நடைபாதையில் தண்ணீர் சிந்தினால்கூட மூன்று பேரிடம் போய்ப் புகார் சொல்கிற மனிதர், நேராக நின்று சொன்னார்: "ஒரு பிரச்சினையும் இல்ல பாஸ். மிஸ் கோன் ஓரமா ஒழுங்கா நடந்து வந்தாங்க."

"மீன் ஏதும் கிடைச்சுதா?"

"கடிக்கவே இல்ல பாஸ்."

இப்போதெல்லாம் வெயில் காலத்து ஞாயிறுகளில் என்னை வீட்டில் தேடினால் கிடைக்கமாட்டேன். யானில் முழங்கால் தண்ணீரில், அண்ணனுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அவர் அதிகம் பேசமாட்டார். தண்ணீர் ஏறும், இறங்கும். பெரும்பாலும் ஒன்றும் கடிப்பதில்லை.

மீனுக்காக யார் போகிறார்கள்?