கொலைகாரன் யாரென்று நான் சொன்ன கதை

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வராது. இந்த வயதில் கொஞ்சம் வருகிறது. இருபத்தாறு வயதில் சுத்தமாக வராது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் கேபிள் டி.வி. நடத்தினேன். (நடத்தினேன் என்பது பெரிய வார்த்தை. வீட்டு மாடியில் கேசட் போடும் ஒரு வீடியோ டெக், அதிலிருந்து எண்பது வீடுகளுக்கு வயர்.) இப்போது அவரவர் கைப்பேசியில் நினைத்தபோது படம் பார்க்கிறார்கள். அன்று நான் போடும் நேரத்தில்தான் தெருவே பார்த்தாக வேண்டும். தெரு முழுக்க மில் தொழிலாளர்கள். எந்த நேரத்தில் போட்டாலும் ஏதாவது ஒரு ஷிப்டுக்காரர்கள் மாடியேறி வந்து திட்டுவார்கள். அடுத்த தெருவில் ஒருவர் போட்டிக்குத் தொடங்கியிருந்தார். ஒரு வீடு கோபித்துக்கொண்டால் வயர் அவர் பக்கம் போய்விடும்.

அன்று ஒரு புதுத் துப்பறியும் படம். ரெண்டாவது ஷிப்டு கிளம்புவதற்குள் முடிய வேண்டுமென்று காலையிலேயே போட்டேன். நடுவில் கரண்ட் போய் வந்தது. நேரத்தை ஈடுகட்டப் பாட்டுகளையெல்லாம் வேகமாக ஓட்டிவிட்டேன். ஓட்டிய ஓட்டில், கொலைகாரன் முகமூடியைக் கழற்றக் கை வைத்த இடத்தில் டெக் நாடாவைத் தின்றுவிட்டது.

சற்று நேரத்தில் வாசலில் பதினைந்து சைக்கிள்கள். முன்னால் நின்றவர் மில் மேஸ்திரி, அடுத்த மாதம் எனக்கு மாமனாராகப் போகிறவர். தெருவிலேயே பெரிய மீசை அவருடையது.

"மாப்ள, கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிருங்க. மில்லுச் சங்கு ஊதப் போவுது."

நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. பெண் கொடுக்கப் போகிறவரிடம் அதைச் சொல்ல முடியுமா?

"டாக்டருதான் மாமா," என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "சொத்துத் தகராறு. கடைசில அழுதுருவாரு," என்று கண்ணீரையும் சேர்த்தேன்.

மில்லில் எங்கள் தெருக்காரர் ஒருவர், சமையல்காரன்தான் கொன்றிருப்பான் என்று வாதாடினாராம். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "எம் மாப்ள பொய் சொல்ல மாட்டாரு. டாக்டரு இல்லைன்னா மீசைய எடுத்துருதேன்," என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

இதைக் கேட்டதும் நாடாவை ஒட்டி, தனியாகப் போட்டுப் பார்த்தேன். கொன்றது சமையல்காரர். டாக்டர், நான் ஓட்டிவிட்ட ஒரு பாட்டின் நடுவிலேயே செத்துப்போயிருந்தார்.

கேசட்டை ஒளித்துவைத்துவிட்டு, அது கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். தெருவும் நம்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த தெருக்காரர் அதே படத்தைப் போட்டார். மூன்று ஷிப்டுக்கும் மூன்று தடவை போட்டார்.

மறுநாள் பன்னிரண்டு வீட்டு வயர்கள் அவர் பக்கம் போயிருந்தன. மாமா வீட்டு வயர் மட்டும் அசையவில்லை. ஆனால் அவர் மாடியேறி வந்தபோது மீசை இல்லை. எனக்கு யாரோ போலத் தெரிந்தார்.

"தெரியலன்னு சொல்லிருக்கலாம்ல மாப்ள," என்றார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மாமா, கல்யாணம்..."

"அதுக்கென்ன, பத்திரிகை அடிச்சாச்சே."

திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக் கோயிலில் கல்யாணம் நடந்தது. அதற்குள் மீசை பாதிகூட முளைக்கவில்லை. ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் பிள்ளைகள், அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பது யாரென்று கேட்பார்கள். என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வாள்:

"உங்க தாத்தாதான். உங்கப்பா பேச்ச நம்புனதுல அவிய மொத ஆளு. ரெண்டாவது ஆளு நானு."