ஒற்றைக்கை டெய்லரின் ஸ்டூல்

அன்று அந்தத் தையல் கடையில் இருந்தது மூன்று பேர்: மறுநாள் என் தங்கைக்குத் தாலி கட்டவிருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா, எட்டாவதோடு படிப்பை விட்டுக் கவலைப்படுவதையே முழுநேர வேலையாகக் கொண்ட நான், அப்புறம் ஒற்றைக்கை டெய்லர்.

எழுபதுகளின் செந்துறையில் அவர் தைக்கத் தொடங்காத சட்டை கிடையாது. முடித்த சட்டையும் கிடையாது. அவருக்கு இரண்டு கையும் உண்டு. கடையில் தொங்கிய சட்டைகளுக்குத்தான் ஒன்று. நூல் வாங்கப் போவார். வழியில் எவனுக்கோ கழன்ற சைக்கிள் செயினை மாட்டிவிடுவார். சாயங்காலம் நூலில்லாமல், ஒரு பூசணிக்காயோடு திரும்புவார். ஆனால் அவர் வைக்கும் காலர் அரியலூர் டவுனிலும் கிடைக்காது. அந்த ஆசையில்தான், பெண் வீட்டார் தரவேண்டிய மாப்பிள்ளைச் சட்டையை அவரிடம் கொடுத்துத் தொலைத்தேன்.

சித்தப்பா அந்தச் சட்டையைத் தூக்கிப் பிடித்தார். “மூணு முடிச்சு போட ரெண்டு கையும் வேணும்யா!” என் பக்கம் திரும்பினார். “ஆண்டிமடம் பஸ்ஸு வர்றதுக்குள்ள சட்டை வரலன்னா, இந்த வூட்டுல பொண்ணெடுக்கணுமான்னு எங்க அண்ணி கேப்பாங்க, பாத்துக்கங்க.” டீக்கடைக்குப் போய்விட்டார்.

நான் டெய்லர் பக்கம் திரும்பினேன். “ஏண்ணே, சோம்பேறித்தனமா?”

“இல்லடா தம்பி. துணி இருக்கு, மெஷின் இருக்கு, மனசும் கெடந்து அடிச்சுக்குது. காலுதான் மெதிக்க மாட்டேங்குது. ஏன்னு எனக்கே தெரியல.” கண் கலங்கியிருந்தது.

ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல நகத்தைக் கடித்தேன். மெஷின் ஓட ஆரம்பித்தது! தண்ணீர் குடிக்க எழுந்தேன்; நின்றது. உட்கார்ந்தேன், ஓடியது.

“நீ எதுவும் பேச வேணாம்டா. சும்மா உக்காந்து கவலப்படு, போதும்.”

அதில் நான் கெட்டிக்காரன். பஸ் ஹாரன் அடித்தபோது, இஸ்திரிப் பெட்டி போட்ட சூடு ஆறாத சட்டையோடு சித்தப்பா ஓடிக்கொண்டிருந்தார்.

அதன்பின் சாயங்காலமானால் அந்த ஸ்டூல் என்னுடையது. தொங்கிய சட்டைகளெல்லாம் இரண்டு கையோடு வீடு போய்ச் சேர்ந்தன. இடையில் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். தேறிப் போய்ப் பார்த்தால், ஸ்டூலில் ஒரு புதுச் சட்டை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. உள்ளே தலையணை.

“உனக்குன்னு தெச்சதுடா. பாதியில நின்னுடுச்சு. நீன்னு நெனச்சு அதையே உக்கார வெச்சுப் பாத்தேன். அதுக்குக் கவலப்படத் தெரியல. இப்பதான் வந்துட்டீல்ல, இரு, முடிச்சுத் தரேன்.”

வேண்டாமென்று, அந்த ஒன்றை மட்டும் ஒற்றைக் கையோடே வாங்கி வந்துவிட்டேன்.