டீம்டு ஆகாத ஒரே ஆள்

“…ஆக, நீயும் டீம்டு, மஸ்தான் பாயும் டீம்டு, கேட்ல நிக்கிற வாட்ச்மேனும் டீம்டு. இந்தக் கட்டடத்துலயே டீம்டு ஆகாத ஒரே ஆள் நான்தான்யா!”

சொல்லிவிட்டு எங்கள் பழைய சூப்பரின்டெண்ட் சிரித்தார். நானும் அட்டெண்டர் மஸ்தான் பாயும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவர் செய்ததைக் கடைசியில் சொல்கிறேன். சிரித்தது ஏன் என்று முதலில் தெரியவேண்டும்.

ஹைதராபாத்தில் நிலத்துக்காகச் சண்டை போட்டவர்கள் உண்டு. பார்க்கிங்குக்காகப் போட்டவர்கள் உண்டு. ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லோடு சண்டை போட்டே சர்வீஸ் முழுக்கக் கழித்தவர் எங்கள் ஆபீஸ் சூப்பரின்டெண்ட் ஒருவர்தான். அந்தச் சொல் ‘டீம்டு’. ஒருவருக்கு எது ஆகாதோ அதையே அவருக்குப் பெயராக வைப்பதுதானே ஆபீஸ் தர்மம்? அதனால் அவர் டீம்டு சார். சொந்தப் பெயரைப் பாதிப் பேர் அவருடைய ரிட்டயர்மென்ட் அழைப்பிதழில்தான் பார்த்தார்கள்.

எங்களுடையது பழைய அரசுக் கல்லூரி. அதைப் பல்கலைக்கழகமாக ஆக்கப் போகிறார்கள் என்ற பேச்சு நான் ஜூனியர் அசிஸ்டென்டாகச் சேரும் முன்பிருந்தே உண்டு. அதற்கு இரண்டு வழி. தில்லியில் இருப்பவர்கள் பார்த்து, ‘சரி, இது பல்கலைக்கழகம் மாதிரிதான் இருக்கிறது’ என்று சொன்னால் டீம்டு, அதாவது நிகர்நிலை. மாநிலச் சட்டசபையில் மசோதா கொண்டுவந்து நிறைவேற்றினால் அசல். டீம்டு சார் இரண்டாவது கட்சி.

“டீம்டுன்னா என்ன? ஆனதாகக் கருதப்படும். உன்னை என் மாப்பிள்ளையாக் கருதறேன்னு சொன்னா, பொண்ணு குடுத்ததா ஆயிடுமா? நக்கோ, அதெல்லாம் வேண்டாம்! அசெம்ப்ளியில எல்லார் முன்னாடியும் தாலி கட்டணும்!”

தஞ்சாவூர்க் குடும்பம். அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்டவர்கள். கோபம் வந்தால் அவர் தமிழ் தஞ்சாவூரில் ஏறிச் சார்மினாரில் இறங்கும்.

ஒருமுறை பேப்பரில் தவறுதலாக ‘டீம்டு ஆகிறது’ என்று செய்தி வந்துவிட்டது. மறுநாள் தார்நாகாவில் ஷேர் ஆட்டோக்காரர், “ஹவ் சாப், டீம்டுவாலா காலேஜ்தானே, பைட்டோ” என்று உட்காரச் சொன்னாராம். ஏறின கால் இறங்கிவிட்டது. வெயிலில் நடந்தே வந்தார். முக்கால் மணி லேட். லேட் ரிஜிஸ்டரில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘கொள்கை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிரின்சிபால் அந்தப் பக்கத்தைப் பார்த்து, கீழே தானும் கையெழுத்துப் போட்டு மூடிவிட்டார்.

இன்னொரு நாள் ஏணி போட்டு வாசல் வளைவில் ஏறிவிட்டார். கையில் அவருடைய ஸ்டீல் ஸ்கேல். தெலுங்கில் ‘விஷ்வவித்யாலயம்’ அங்கே கொள்ளுமா என்று அளக்கிறார். “கச்சிதமா உக்காருதுய்யா! முன்னாடி டீம்டுன்னு சேர்த்தா ரெண்டு தூணையும் நகர்த்தணும். கட்டின கொத்தனாருக்கே தெரிஞ்சிருக்கு!” ஏணியைப் பிடித்திருந்த மஸ்தான் பாய் எங்களோடு பழகிக் கற்ற தமிழில், இறங்கச் சொல்லிக் கெஞ்சினார்: “சாப், முதல்ல நீச்சே உத்ரோ. யுனிவர்சிட்டி பாத்மே, அப்புறமா வரும்.”

அந்த ஸ்கேலைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆபீஸிலிருந்து போகும் எந்தக் கடிதமானாலும் வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, நகர்த்தி நகர்த்தி, மூன்று தடவை படிப்பார். தப்பு இருந்தால் அடித்து மேலே எழுதி, பக்கத்தில் குட்டியாக இனிஷியல். “இனிஷியல் இல்லாத திருத்தம் சுவத்துல கிறுக்கினது மாதிரி. யார் பொறுப்புன்னு தெரியணும்ல?” என்பார்.

பல்கலைக்கழக ஃபைலை வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. “ஒரே ஒரு நாள்யா. யுனிவர்சிட்டி அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்ல ஒரு கையெழுத்து. மறுநாளே வீட்டுக்குப் போயிடறேன்.”

கடைசியில் அரசாங்கமே கேட்டது: சட்டத்தின் மூலம் பல்கலைக்கழகம் ஆக்க முன்மொழிவு அனுப்புங்கள். டீம்டு சாருக்கு அப்போது சர்வீஸ் ஒரு வருஷத்துக்கும் குறைவு. முன்மொழிவை அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். மேலே வைக்கும் கடிதத்தை மட்டும், “வழக்கமா எழுதறதுதான், நீயே போட்டுடு” என்றார்.

டைப்பிங் நானாகப் பார்த்துப் பார்த்துக் கற்றது. எங்கள் ஆபீஸில் புதுக் கடிதம் என்று ஒன்று கிடையாது. பழைய கடிதத்தைத் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றினால் அதுவே புதுக் கடிதம். நானும் அப்படித்தான் செய்தேன். அன்று சாயங்காலம் என் மனைவி, பிரசவம் முடிந்து, ஐந்து மாதக் குழந்தையோடு ஊரிலிருந்து செகந்திராபாத்துக்கு வருகிறாள். என் கண் கடிகாரத்திலேயே இருந்தது.

டீம்டு சார் ஸ்கேலை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“வண்டி எத்தனை மணிக்கு?”

“அஞ்சே காலுக்கு சார். லெட்டரை நான் பார்த்துட்டேன் சார்.”

“பார்த்துட்டேல்ல? அப்ப கிளம்பு. கைக்குழந்தையோட பிளாட்ஃபார்ம்ல நிக்க வைக்காதே.”

ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு ஒப்பம் போட்டார். எனக்குத் தெரிந்து அவர் படிக்காமல் ஒப்பம் போட்ட ஒரே கடிதம் அதுதான்.

நான் திறந்த பழைய கடிதம், என்றோ ஒரு பிரின்சிபால் டீம்டு கேட்டு எழுதியது. எல்லாவற்றையும் மாற்றியிருந்தேன். ‘பொருள்’ என்ற வரியில் மட்டும் ‘டீம்டு’ அப்படியே இருந்தது.

தலைமைச் செயலகத்திலிருந்து ஃபைல் திரும்பி வந்தது: ‘டீம்டு எனில் மாநிலச் சட்டம் எதற்கு? தெளிவுபடுத்தவும்.’ தெளிவுபடுத்தி, அது மேஜை மேஜையாக மறுபடி ஏறிப்போக ஏழு வாரம். அதற்குள் ஒரு சட்டசபைக் கூட்டம் முடிந்துவிட்டது. ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. டீம்டு சார் கையெழுத்திலேயே டீம்டு! அவரும் கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு வழி தெரியாமல்.

மசோதா அடுத்த கூட்டத்தில் நிறைவேறியது. அன்று அவர் ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தார். கவர்னர் ஒப்புதல், அரசிதழ், நடைமுறைக்கு வரும் நாள் என்று படிகள் இன்னும் பாக்கி இருந்தன. அவர் ரிட்டயராகும் மாசக் கடைசியும் வந்தது. பிரிவு உபசார கேக்கில் ‘டீம்டு சார்’ என்று எழுதச் சொன்னவன் நான்தான். இன்று நினைத்தால் கூசுகிறது. அவர் ‘டீம்டு’ இருந்த துண்டை முதலில் வெட்டி, “இதை ஒழிச்சுட்டுத்தான் மறுவேலை” என்று வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் போன பதினோராவது நாள் நாங்கள் பல்கலைக்கழகம் ஆனோம்.

அந்த ஏழு வாரம் மட்டும் வீணாகாமல் இருந்திருந்தால் என்று கணக்குப் போடாத நாள் இல்லை. ஒரு நாள் அந்த ஃபைலில் விளக்கக் கடிதத்தின் ஆபீஸ் காப்பியைப் பார்த்தேன். ‘டைப் செய்தவர் தவறு’ என்று ஒரு வரி எழுதினால் போதும். எல்லா ஆபீஸிலும் அதுதான் வழக்கம். அவர் எழுதியிருந்தது: ‘நான் படிக்காமல் ஒப்பமிட்டேன். தவறு என்னுடையது.’ பக்கத்தில் குட்டியாக இனிஷியல்.

அந்த வாரமே அவர் ஆபீஸுக்கு வந்தார். சட்டத்தைப் படிக்கவேண்டுமாம். அரசிதழை விரித்து, சட்டைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, வரி வரியாக நகர்த்தினார். ஒரு பிரிவில் ஸ்கேல் நின்றது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளுக்கு முந்தின நாள் கல்லூரியில் பணியில் இருந்தவர்கள் எல்லாரும் பல்கலைக்கழக ஊழியர்களாகக் கருதப்படுவர். ‘ஷல் பி டீம்டு.’ அவர் ஆயுசெல்லாம் விரட்டிய சொல் சட்டத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. அப்போதுதான், நீயும் டீம்டு, மஸ்தான் பாயும் டீம்டு என்று சொல்லிச் சிரித்தார்.

“சார், அன்னிக்கு அந்த லெட்டர்…” என்று ஆரம்பித்தேன்.

“உன் குழந்தை நடக்க ஆரம்பிச்சிடுச்சா?”

“பிடிச்சுக்கிட்டு நிக்கிறா சார். சார், அது பழைய ஃபைல்லேருந்து நான்தான்…”

“தெரியும்யா. கையில என்ன?”

புது லெட்டர்ஹெட்டில், பல்கலைக்கழகத்தின் பெயரில் நான் டைப் செய்த முதல் கடிதம். நீட்டினேன். மஸ்தான் பாய், அவருடைய பழைய நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டார். உட்கார்ந்தார். முதல் தடவை படித்தார். இரண்டாம் தடவை படித்தார். மூன்றாம் தடவை கடைசி வரியில் ஸ்கேல் நின்றது. அங்கே ஒரு ‘காலேஜ்’ அப்படியே இருந்தது. இதுவும் பழைய கடிதத்தைத் திறந்து போட்டதுதான்.

அவர் திட்டவில்லை. ஸ்கேலை வைத்து ‘காலேஜ்’ மேல் நேராக ஒரு கோடு போட்டார். அதற்கு மேலே உருண்டை எழுத்தில் ‘யுனிவர்சிட்டி’ என்று எழுதினார். பக்கத்தில் இனிஷியல் போடப் பழக்கத்தில் இறங்கிய பேனா, காகிதத்தைத் தொடும் முன் நின்றது.

பேனாவைத் திருப்பி, என் கையில் கொடுத்தார்.