ஒன்பது பேருக்குப் பட்டை போட்ட கார்

லாரி கிளீனராக இருந்தவன் லாரி முதலாளி ஆவது பெரிய காரியமே இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நானே ஆகிக் காட்டியிருக்கிறேன். ஆனால் எவ்வளவு சம்பாதித்தாலும் எந்தக் கடையிலும் கிடைக்காத சரக்கு ஒன்று உண்டு. சொந்தக்காரர்கள். (பணம் வந்தால் தானாக வருவார்கள் என்பீர்கள். வந்தார்கள். கைமாற்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.)

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் லாரியோடு விறகு மண்டியும் வைத்திருந்தேன். பட்டுக்குச் சாயம் காய்ச்சிய அடுப்புகளில் பாதி என் விறகில்தான் எரிந்தன. (மீதிப் பாதியையும் அப்புறம் பிடித்தேன், அது வேறு கதை.) பழைய கார் ஒன்றும் வாங்கிப் போட்டிருந்தேன். எங்கள் தெருவில் கார் வைத்திருந்தது டாக்டரும் நானும்தான். டாக்டர் காரில் குழந்தைகள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். என் காரில் ஏற நான் மட்டும்தான். அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். ராத்திரியில் ஒரு ஆளுக்குச் சோறு வடித்து, ஒரு தட்டைக் கழுவி வைத்தால் வீடு அடங்கிவிடும்.

பக்கத்துக் கிராமமான தாமலில் ஒரு பெண் இருப்பதாகத் தரகர் சொன்னார். பெண்ணின் அப்பா ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறவர். "பையனுக்கு ஜனக்கட்டு உண்டா?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வியாம். ஊர் கொள்ளாத ஜனம் என்று சொல்லச் சொன்னேன். பெண் பார்க்க ஒற்றைப்படையில் போக வேண்டும் என்பதால் ஒன்பது பேர் வருகிறோம் என்றும் சொல்லி அனுப்பினேன். மண்டி ஆட்கள், டீக்கடைக்காரர், வீட்டுக்கார அம்மா, அவர் கணவர் என்று எட்டுப் பேரைப் பிடித்து மாமா, சித்தப்பா, பெரியம்மா என்று ஆளுக்கொரு முறையும் பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

சிக்கல் கார்தான். நாலு பேர் ஏறினாலே பின்பக்கம் தரையைத் தேய்க்கும். மெக்கானிக் முனிரத்தினத்திடம் கொண்டுபோனேன்.

"லாரிப் பட்டை போட்டுடலாம்ணா. காலைல வுட்டா சாயங்காலம் எடுத்துக்கினு போலாம்" என்றான். பட்டை என்றால் அடியில் பாரம் தாங்கும் வளைந்த இரும்புத் தகடுகள்.

அந்தச் சாயங்காலம் வர மூன்று வாரம் ஆயிற்று. பட்டை மெட்ராஸ் பழைய இரும்புக் கடையிலிருந்து வர வேண்டும். வந்தது, நீளம் அதிகம். வெட்டி வளைக்கக் கொல்லரிடம் போனால் அவர் சாமி தூக்கப் போயிருந்தார். வந்தவர் தோள் வீங்கிப் படுத்துவிட்டார். பட்டை உட்கார்ந்ததும் ஷாக் அப்சார்பர் எட்டவில்லை. கல்யாணத்துக்கென்று ஒதுக்கியதில் பாதி காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"ஆளு நெறைய ஏறினா தேரு மாதிரி போவும்ணா. தனியா மட்டும் ஓட்டாதீங்க, தூக்கிப் போட்டுடும்."

"நான் எதுக்குப்பா தனியா போறேன்? என் ஜனத்த நீ பாத்ததில்லையே!"

அவன் பார்த்ததில்லை. நானும்தான் பார்த்ததில்லை.

கார் தயாராகாததால் முதலில் குறித்த நாளைத் தள்ளிப்போட்டிருந்தேன். தள்ளிப்போட்டது எங்கே போய் விழுந்தது தெரியுமா? ஊரெல்லாம் மேளச் சத்தம் கேட்கும் முகூர்த்த நாளில். என் எட்டுப் பேருக்கும், தரகருக்கும்கூட, வேறு கல்யாணம்.

"எங்க அக்கா பொண்ணு கல்யாணம்பா, போவாம இருக்க முடியுமா?" என்றார் என் புது மாமா. முடியாதுதான். அவருக்கு நிஜமான அக்கா இருந்தார்.

ஒன்றும் ஒற்றைப்படைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். பாரமில்லாத கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, முகத்தால் ரோட்டை மோந்து பார்த்தபடி ஓடியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் தலை கூரையில் இடித்தது. பின்சீட்டில் வைத்திருந்த வாழைப்பழம் முன்சீட்டுக்கு வந்தது. குங்குமப் பொட்டலம் காற்றிலேயே பிரிந்தது. தாமலில் இறங்கியபோது நான் மாப்பிள்ளை மாதிரி இல்லை, கிடா வெட்டிவிட்டு வந்தவன் மாதிரி இருந்தேன்.

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார், காருக்குள் எட்டிப் பார்த்தார். "எங்கப்பா உங்க ஜனம்?"

"பின்னாடி வந்துக்கினு இருக்காங்க."

எப்படி வாயில் வந்ததோ தெரியாது. சொல்லியாகிவிட்டது. எல்லோரும் வாசலில் உட்கார்ந்தோம். விரித்து வைத்த பாயில் எட்டுப் பேருக்கான இடம் காலியாகக் கிடந்தது. பஸ் வந்தபோதெல்லாம் எழுந்து பார்த்தேன். நிற்காமல் போனது. வெயில் இறங்கி ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், கொஞ்ச நேரத்தில் நானே நம்பத் தொடங்கிவிட்டேன். யாராவது வந்துவிட மாட்டார்களா என்று நிஜமாகவே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து ஒரு குரல். பெண், சரோஜா.

"அப்பா, மாட்டு வண்டி வந்தாக்கூட எட்டி எட்டிப் பாக்கறாரு. கார் வச்சிருக்கிறவரு ஜனம் மாட்டு வண்டிலயா வரும்? அவருக்கு யாரும் இல்லப்பா. கேசரி ஆறிப் போவுது, போடுங்க."

கூரையில் இடித்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேசரியைத் தின்றேன். பெண்ணின் அப்பா எழுந்துபோய்க் காரைச் சுற்றி வந்தார்.

"பின்பக்கம் ஏம்பா இப்படித் தூக்கிக்கினு நிக்குது?"

"ஒன்பது பேருக்குப் போட்டது" என்றேன்.

அவர் குனிந்து அடியில் இருந்த பட்டையைத் தட்டிப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்து, "எல்லாரும் வந்து ஏறுங்க!" என்று கத்தினார். சித்தப்பா, அத்தை, மச்சான்கள் என்று ஏறினார்கள். பின்பக்கம் மெதுவாக இறங்கி நேரானது. ஏரிக்கரையில் ஒரு சுற்று. தேர்தான். ஒருவர் தலையும் இடிக்கவில்லை.

"வண்டி நல்ல வண்டிதான். ஆளுதான் இல்ல" என்றார் இறங்கும்போது. "அத நாங்க குடுக்கறோம்."

கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் அந்தக் கார் காலியாக ஓடியதே இல்லை. வீட்டில் யார் தாமதமாக வந்தாலும், குழம்பில் காய் குறைந்தாலும், "பின்னாடி வந்துக்கினு இருக்குது" என்பாள் சரோஜா. பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள்.

சரோஜா போய்விட்டாள். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊர். காரை நான் விற்கவில்லை. தாமல் வரை ஓட்டிப் போவேன், பின்சீட்டில் தவிட்டு மூட்டைகளைப் போட்டுக்கொண்டு. இல்லாவிட்டால் இந்த வயதிலும் தூக்கிப் போட்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி போன் செய்வாள். "தாத்தா, சாப்டியா? கூட யாரு இருக்காங்க?"

"பின்னாடி வந்துக்கினு இருக்காங்கம்மா" என்பேன். அந்தப் பக்கம் வீடே சிரிக்கும்.

போனை வைத்துவிட்டு ஒருமுறை ரோட்டை எட்டிப் பார்ப்பேன்.