பூமிநாதன் முக்கடல் காணப் புறப்பட்ட படலம்

வாழி பூமிநாதன்! காரைக்குடிச் செஞ்சையில் பித்தளைப் பாத்திரக் கடை கண்ட செம்மல். எவர்சில்வர் என்னும் வெண்பகை வீடுதோறும் நுழைந்து அண்டாக்களையும் குடங்களையும் பரணுக்குத் துரத்திய அந்த அறுபதுகளின் இறுதியிலும் தன் தராசை விட்டு ஓரடி பின்வாங்காத தீரன். கீழச்சிவல்பட்டிப் பெரிய வீடொன்றின் கொட்டகையில் கோழிகள் அடைகாத்துக் கிடந்த மோரிஸ் மைனர் கார் என்னும் கரும்புரவியை விலைகொடுத்துச் சிறைமீட்ட வள்ளல். அவன் பெரும்பயணத்தைப் பாடப் புகுந்தோம். தும்பிக்கையானே, துணை நில். நின்றதோடு அமையாமல், முடிந்தால் பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளியும் விடு. அந்தக் கரும்புரவி தானாகக் கிளம்பியதைக் கண்ணால் கண்டவர் செஞ்சையில் ஒருவரும் இல்லை.

இப்பெரும்போருக்கு வித்திட்டவள் அன்னக்கிளி, நம் தலைவனின் இல்லத்தரசி. ஊருணியும் கண்மாயும் தவிர வேறு நீர்ப்பரப்பு கண்டறியாத அந்த நங்கை, மணமான புதிதில் ஒருநாள் தேன்குழல் பிழிந்தபடியே, “ஏங்க, கடலுன்னா எம்புட்டுப் பெருசா இருக்கும்?” என்று வினவினாள்.

“நம்ம ஊருணி மாதிரிதான். அக்கரை மட்டும் தெரியாது” என்றான் வீரன்.

அக்கரை தெரியாத அந்த ஊருணி அன்று அவள் நெஞ்சில் தளும்பத் தொடங்கியது. மகளைப் பெற்று, வளர்த்து, சிங்கம்புணரியில் கட்டியும் கொடுத்தாயிற்று, தளும்பல் அடங்கவில்லை. ஆண்டுதோறும் பூமிநாதன் கடலுக்குத் திட்டமிடுவான். ஆண்டுதோறும் மழையோ, மாமன் வீட்டு விசேஷமோ, டயரோ குறுக்கே வந்து படுத்துக்கொள்ளும். “இந்தத் தடவையும் போகலைன்னா இனிமே நான் கடல்னு வாயத் தொறக்க மாட்டேன்” என்று இம்முறை அவள் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் வீரன் தாங்கியிருப்பான். அரிசி களைந்துகொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

கூடியது மந்திராலோசனை. தலைமை அமைச்சராக வீற்றிருந்தவர் அன்னக்கிளியின் அண்ணன் பெரியகருப்பன்; தினம் கிழிக்கும் காலண்டரில் மற்றவர் தேதி பார்க்குமிடத்தில் ராகுவையும் குளிகனையும் சூலத்தையும் பார்த்து நடுங்கும் நுண்ணறிவாளர். திருச்செந்தூரே தக்கது என்றார் அமைச்சர். கன்னியாகுமரி என்றான் வேந்தன். அருப்புக்கோட்டை வழி என்றது ஒரு படை. மதுரை, விருதுநகர், திருநெல்வேலி வழி என்று எதிர்முழக்கமிட்டது மறுபடை. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடுகள் பாய்ந்தன; உழக்கு மதுரையாயிற்று, கூஜா நாகர்கோவிலாயிற்று. போர்க்களத்தின் நடுவே காபியோடு வந்த அன்னக்கிளி, கன்னியாகுமரியை மிதிக்காமல் ஒதுங்கி நின்று, ஒன்று சொன்னாள்.

“தொண்டியிலகூடக் கடல் இருக்காமே. இங்கிருந்தே பஸ் போகுதாம்.”

அவை திடுக்கிட்டது. இடிகேட்ட நாகமென நிமிர்ந்தான் பூமிநாதன்.

“தொண்டியெல்லாம் ஒரு கடலா? இம்புட்டு வருசம் காக்க வச்சிட்டு ஒத்தக் கடலக் காட்டுனா எனக்கு மரியாதையா? மூணு கடல் சேர்ற எடம், வெள்ளிக்கிழமை பௌர்ணமி, இங்குட்டுச் சூரியன் எறங்க அங்குட்டு நிலா ஏறும். அதத்தான் உனக்குக் காட்டுவேன்!”

சபதம் விழுந்தது. கூஜா அதிர்ந்தது. அன்னக்கிளி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆயினும் விதி வலியது. வெள்ளியன்று குமரிமுனையில் நிற்கவேண்டுமாயின் வியாழனன்று கிளம்பியாக வேண்டும். வியாழனோ தெற்கே சூலம். கன்னியாகுமரியோ எத்தனை முறை கோடிட்டாலும் தெற்கிலேயே கிடந்தது. கலங்கிய வேந்தனுக்கு அமைச்சர் நம் முன்னோர் கண்ட மாபெரும் தந்திரத்தை நினைவூட்டினார். அதன் பெயர் பரஸ்தானம். ஆகாத நாளில் பயணம் போக நேர்ந்தால், முந்தைய நல்ல நேரத்தில் பயணச் சாமான் ஒன்றைப் போகும் திசையிலுள்ள ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும். அப்போதே கிளம்பியதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். வைத்த சாமான் வீடு திரும்பலாகாது. படியிறங்கியவரும் வீட்டுக்குள் திரும்பலாகாது. இப்படியாகத் திசைகளைக் காக்கும் தெய்வங்களை ஏய்ப்பது சுலபம்.

“பழைய துண்டு ஒண்ணக் குடுத்துவிடுவோமா மச்சான்?”

“மாப்ளே, சாமி என்ன கேனையா? எது இல்லாமப் பயணம் நடக்காதோ அத வைக்கணும்.”

சிந்தித்தான் வீரன். எது இல்லாமல் பயணம் நடவாது? நெற்றி ஒளிர்ந்தது. புதன்கிழமை நல்ல நேரத்தில், மஞ்சள் பையொன்றில் துண்டும் விரலி மஞ்சளும் வைத்து, அவற்றின்மேல் கரும்புரவியின் சாவியை வைத்தான். மாற்றுச் சாவி தனியே கிடந்தால் தொலைந்துவிடும் என்னும் முன்யோசனையால் அதையும் அதே வளையத்தில் கோத்திருந்தான்.

தெருவின் தெற்குக் கோடியில் ஜவுளி வியாபாரி மீரான் சாகிபு வீடு. அவர் மனைவி சைதுன் பீவி பையை இரு கைகளாலும் வாங்கினார்.

“தங்கச்சி, என்ன ஆனாலும் இது எங்க வாசப்படிய மட்டும் மிதிச்சிரக் கூடாது. போற வழியில வாங்கிக்கிருவோம்.”

“அமானிதம்ணே” என்றார் சைதுன் பீவி. நம்பிக் கொடுத்த பொருளுக்கு அவர்கள் வழங்கும் சொல் அது. “எங் கையால உங்க வீட்டாளுக கையில குடுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

மலர்ந்தது வியாழன். முரசம் இல்லாத குறையைப் பித்தளை தீர்த்தது. கொப்பரை ஏறியது, கூஜா ஏறியது, ஸ்டவ் ஏறியது, சீப்புச்சீடைத் தகரங்கள் யானைப்படையென அணிவகுத்து ஏறின, பெரியகருப்பனின் மெத்தை முதுகில் ஏறியது. ஏறஏறக் கரும்புரவி முழங்கால் மடக்கிய ஒட்டகம்போல் தாழ்ந்தது. அமைச்சர் எலுமிச்சம்பழங்களைச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். வீட்டைப் பூட்டி, இடையில் புளியோதரைப் பொட்டலமும் தலையில் கனகாம்பரமுமாகப் படியிறங்கினாள் அன்னக்கிளி. வெற்றித்திருமகளை வரவேற்கச் செல்லும் கொற்றவன் நடையில் பூமிநாதன் தெற்குக்கோடி நோக்கி நடந்தான்.

மீரான் சாகிபு வீட்டுக் கதவில் ஒரு பூட்டு தொங்கிற்று.

இலங்கையின் கோட்டைக்கதவும் இத்துணை உறுதியாய் அடைத்துக் கிடந்திராது. திகைத்து நின்ற தீரனுக்கு எதிர்வீட்டுச் சோணையம்மாள், வாசல் கூட்டியபடியே போர்ச்செய்தி அறிவித்தார்.

“அவுக மகளுக்கு வலி கண்டுருச்சுன்னு ஆள் வந்துச்சுப்பா. விடியுமுன்னே கிளம்பிப் போயிட்டாக, தொண்டிக்கு.”

“மஞ்சப் பை?”

“உங்க வீட்டுப் படிய மிதிக்கக் கூடாதாம்ல. அடுத்தவுக அமானிதத்தப் பூட்டுன வீட்டுலயும் வைக்கக் கூடாதாம். மடியிலயே வச்சுக்கிட்டுப் பஸ் ஏறிட்டாக, பாவம்.”

அந்தோ! தலைவன் முக்கடலுக்கு நாள் குறிக்க, சாவி மட்டும் தனியே முந்திக்கொண்டு ஒற்றைக் கடல் போய்ச் சேர்ந்தது! பூமிநாதன் காருக்குத் திரும்பினான். துண்டு போதும் என்றவன் நான் என்று அவன் முழங்க, சாவியை வை என்று நானா சொன்னேன் என்று அமைச்சர் கர்ஜிக்க, வாதப்போர் மூண்டது. பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே காத்திருக்கலாம் என்றால் படியிறங்கியவர் திரும்பலாகாது. தொண்டிக்கு பஸ் ஏறிப் போய்ச் சாவி வாங்கலாம் என்றால் பயணம் தொடங்கிய தலைவன் ரதத்தை விட்டு அகலலாகாது. இருவரும் முன்னிருக்கைகளில் அமர்ந்து, தெற்கு நோக்கி முகம் வைத்து, அசையாத காருக்குள் அசையாது இருந்தனர்.

“சாவிய நான் போயி வாங்கியாரேன்” என்றாள் அன்னக்கிளி.

“இன்னைக்குத் தெக்க சூலம் ஆத்தா!” என்று பதறினார் அண்ணன்.

“தொண்டி தெங்கிழக்குண்ணே. தெங்கிழக்குக்கு எந்தக் காலண்டர்ல சூலம் போட்டிருக்கு?”

 காலண்டரில் அதற்குக் கட்டமே இல்லை. பூமிநாதன் மனைவியின் முகத்தைப் பார்த்தான், கனகாம்பரத்தைப் பார்த்தான், சட்டைப்பையில் கைவிட்டுப் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தான். “பாத்துப் போ. அலைக்குக் கிட்டக்கப் போகாத” என்று மட்டும் சொன்னான்.

பின்பு நிகழ்ந்ததை எப்படிப் பாடுவோம்! ஞாயிறு உச்சி ஏறியது, ரதம் கொல்லன் உலையாயிற்று, வீரர் இருவரும் இருப்பு பெயராமல், புதுவயல் மில்லுக்குப் போகும் லாரிகள் புழுதிக்கணை தொடுத்தும் இமை கொட்டாமல், “எப்பப் பயணம்?” என்று எய்த வழிப்போக்கர் சொல்லம்புகளைச் சீப்புச்சீடைக் கேடயத்தால் தாங்கி, தகரம் தகரமாக வென்று தீர்த்து, திசை பிசகாது தெற்கு நோக்கியே தவம் கிடந்தனர்.

அன்னக்கிளி தொண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடலைப் பார்த்துவிட்டு, சாவியையும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வந்து சேர்ந்தாள்.